தொழிற்சாலை டீசல் இன்ஜின் மாடல்: அசலோடு ஒத்துப்பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

மெயின்லைன் இன்ஜின்களை மாடலாக வாங்குகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஒரே வடிவில் நூற்றுக்கணக்கில் ஓடியவை அவை. படம், அளவு, நம்பர் எல்லாம் புத்தகமாகவே கிடைக்கும். சிமெண்ட் ஆலை, சுரங்கம், துறைமுகம் என்று சுற்றுச்சுவருக்குள்ளேயே ஆயுளைக் கழித்த சின்ன டீசல் இன்ஜின்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கேட்லாக் பார்த்துத்தான் வாங்கினார்கள். ஆனால் வாங்குகிறவர் கேட்டபடி ஒன்றில் மணி இருக்கும், இன்னொன்றில் கூடுதல் விளக்கு இருக்கும். பத்து வருஷம் போனபின் ஆலையின் வெல்டர் தன் பங்குக்கு ஓர் ஏணியையோ தகட்டையோ ஒட்டிவைத்திருப்பார்.

அதனால் "இந்த மாடல் சரியா?" என்று மொட்டையாகக் கேட்டால் பதில் வராது. எந்த இன்ஜினுக்கு, எந்த ஆண்டுக்குச் சரி என்று கேட்க வேண்டும். கீழே சொல்லியிருக்கும் படிகள் எல்லாம் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நடப்பவைதான். எடுத்துக்காட்டுக்கு அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் 44 டன் இன்ஜினையும், இங்கிலாந்தின் லிங்கன் நகரில் ரஸ்டன் அண்ட் ஹார்ன்ஸ்பி செய்த 48டிஎஸ் இன்ஜினையும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டுமே கடையில் மாடலாகக் கிடைத்தவை. முதல் மாடலாகப் பலர் வாங்குபவையும்கூட. கைக்கு வேண்டியவை: ஒரு டிஜிட்டல் காலிப்பர், பூதக்கண்ணாடி, கால்குலேட்டர், செல்போன் கேமரா.

படி 1: எந்த இன்ஜின் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

44 டன் என்ற எடை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீரும். 1937இல் அமெரிக்காவில் ஒரு விதி வந்தது: 90,000 பவுண்டு அல்லது அதற்கு மேல் எடையுள்ள இன்ஜினில் டிரைவரோடு ஃபயர்மேனும் இருக்க வேண்டும். டீசல் இன்ஜினில் கரி அள்ளிப்போட வேலை இல்லை; ஆனால் ஃபயர்மேன்களின் பிழைப்பைக் காப்பாற்றத் தொழிற்சங்கங்கள் போராடிப் பெற்ற விதி அது. 90,000 பவுண்டு என்பது அந்த ஊர்க் கணக்கில் 45 டன். ஒரு டன்னைக் குறைத்து, ஓர் ஆளின் சம்பளத்தை மிச்சப்படுத்த ஜெனரல் எலெக்ட்ரிக் கொண்டுவந்ததே 44 டன். 1940 முதல் 1956 வரை செய்தார்கள். நடுவில் கேபின், இருபக்கமும் தாழ்ந்த ஹூட், ஒவ்வொரு ஹூட்டுக்குள்ளும் ஒரு டீசல் எஞ்சின்.

இந்த விதி பொது ரயில்வேக்களுக்குத்தான் இருந்தது. ஆலைக்குள் ஓடிய இன்ஜினுக்கு அது பொருந்தவில்லை. ஆகவே ஆலைகள் 25, 45, 65, 80 டன் என்று தேவைக்கேற்ப வாங்கின. 45 டன்னும் நடுக்கேபின் இன்ஜின்தான். தூரத்தில் நின்று பார்த்தால் இரண்டும் உடன்பிறப்புகள். ஆனால் போகிக்குள் வித்தியாசம் பெரிது. 44 டன்னில் நான்கு அச்சுக்கும் தனித்தனி மோட்டார். 45 டன் பலவற்றில் போகிக்கு ஒரே மோட்டார். அதன் இரண்டு அச்சுகளையும் வெளியே தெரியும் சைடு ராடு சேர்த்து இழுக்கும். பாக்மன் கம்பெனி எச்ஓ அளவில் (விகிதக் கணக்கு படி 3இல்) இரண்டையுமே மாடலாகச் செய்திருக்கிறது. "எங்க ஆலை இன்ஜின்" என்று 44 டன்னை வாங்கி, அந்த ஆலையில் ஓடியது 45 டன் என்று பிறகு தெரிந்துகொண்டால், அதற்குப்பின் எந்த அளவெடுப்பும் உதவாது.

16 ஆண்டு உற்பத்தியில் 44 டன்னும் ஒரே மாதிரி இருக்கவில்லை. ஹூட்டின் காற்றுத் துளைகள், ரேடியேட்டர் கிரில், கதவுகள் எல்லாம் கட்டம் கட்டமாக மாறின. பெரும்பாலானவற்றில் கேட்டர்பில்லர் டி17000 எஞ்சின். சிலவற்றில் வேறு கம்பெனிகளின் எஞ்சின். மாடல் கம்பெனியோ ஒரே அச்சில் வார்த்து இருபது கம்பெனிகளின் பெயரை அச்சடித்து விற்கும். அந்த இருபதில் ஒன்றிரண்டுக்குத்தான் அந்த ஹூட் பொருந்தும். மற்றவை பெயர் மாற்றிய அதே இன்ஜின். இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஓர் அச்சுக்கு ஆகும் செலவு அப்படி. ஆனால் வாங்குகிறவர் கண்ணைத் திறந்துகொண்டு வாங்க வேண்டும்.

எனவே ஒரு தாளில் எழுதுங்கள்: கம்பெனி, இன்ஜினின் நம்பர், எந்த ஆண்டு நிலையில் பார்க்கிறீர்கள். ஆலை இன்ஜின்களின் பக்க நம்பர் கைமாறும்போதெல்லாம் மாறும். மாறாதது செய்த கம்பெனி அடித்த வொர்க்ஸ் நம்பர். அதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

படி 2: ஆதாரம் சேருங்கள், ஆதாரத்தையும் சந்தேகியுங்கள்

பிரிட்டன் இன்ஜின்களுக்கு இண்டஸ்ட்ரியல் ரயில்வே சொசைட்டி வெளியிடும் கையேடுகள் பெரிய துணை. எந்த ஆலையில் எந்த இன்ஜின், செய்தவர் யார், வொர்க்ஸ் நம்பர் என்ன, எப்போது வந்தது, எங்கே போனது என்று மாவட்டவாரியாகப் பட்டியல் இருக்கும். அமெரிக்க இன்ஜின்களுக்கு 1934இல் தொடங்கிய மாடல் ரெயில்ரோடர் இதழின் பழைய வரைபடங்கள் உதவும்.

வரைபடம் கிடைத்ததும் மாடலை அதன்மேல் வைத்துப் பார்க்க அவசரப்படாதீர்கள். முதலில் வரைபடத்தை அதோடேயே ஒத்துப்பாருங்கள். அதில் எழுதியிருக்கும் அளவையும், காலிப்பரில் அளந்தால் வரும் அளவையும் ஒப்பிடுங்கள். ஜெராக்ஸ் எடுத்த தாள் நீளத்தில் ஒரு மாதிரியும் அகலத்தில் ஒரு மாதிரியும் இழுபட்டிருப்பது சாதாரணம். ஒரு வரைபடத்தைப் பார்த்து இன்னொருவர் வரைந்து, அதைப் பார்த்து மூன்றாமவர் வரைந்தால், முதல் ஆளின் பிழைக்கு மூன்று சாட்சிகள் கிடைத்துவிடும். கம்பெனியின் கேட்லாக் வரைபடமோ விற்கத் திட்டமிட்ட இன்ஜினைக் காட்டும், விற்றதைக் காட்டாது.

புகைப்படத்திலும் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, நெகட்டிவைத் திருப்பிப்போட்டு அச்சடித்த படம். மெயின்லைன் இன்ஜின் என்றால் எழுத்து இடம்வலமாகத் தெரிந்து குட்டு வெளிப்பட்டுவிடும். எழுத்தே இல்லாத ஆலை இன்ஜினில் இடது பக்கம் வலது பக்கமாகிப் பல ஆண்டு யாருக்கும் தெரியாமல் இருக்கும். இரண்டாவது, அருங்காட்சியகத்தில் நிற்கும் இன்ஜின். தொட்டு அளக்கலாம் என்பதால் அதை நம்பிவிடத் தோன்றும். கைப்பிடி, கண்ணாடி, பெயிண்ட், புகைக்குழாய் எல்லாம் சீரமைப்பின்போது மாறியிருக்கலாம். அடிச்சட்டம், கேபின் தகடு ஆகியவற்றின் அளவுக்கு அதை நம்புங்கள். மேலே திருகி மாட்டியவற்றுக்கு அந்தக் காலப் படத்தை மட்டும் நம்புங்கள்.

இரண்டு பக்கம், முன், பின் என்று நான்கு படங்கள் வேண்டும். ஐந்தாவதாகக் கூரைப் படம். கிடைப்பதிலேயே அரிது இதுதான். ஏனென்றால் எல்லாரும் தரையில் நின்றுதான் படம் எடுத்தார்கள். மாடலையோ நாம் மேலிருந்துதான் பார்க்கிறோம். மேம்பாலத்திலிருந்தோ ஆலைக் கட்டடத்தின் மாடியிலிருந்தோ எடுத்த ஒரே ஒரு மங்கல் படம் பத்து அழகான பக்கவாட்டுப் படங்களுக்குச் சமம்.

படி 3: விகிதமும் தண்டவாளமும்

எச்ஓ விகிதம் 1:87.1. அசலில் ஓர் அங்குலம் மாடலில் 0.29 மி.மீ. பிரிட்டனின் ஓஓ விகிதத்தில் அசலின் ஓர் அடி 4 மி.மீ., அதாவது 1:76.2. இரண்டுமே 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓடுகின்றன. சிக்கல் இங்கேதான் இருக்கிறது. எச்ஓவில் 16.5ஐ 87.1ஆல் பெருக்கினால் 1,437 மி.மீ. வரும், அசல் 1,435. பழுதில்லை. ஓஓவில் பெருக்கினால் 1,257 மி.மீ. மட்டுமே. ஏழு அங்குலம் குறைகிறது! முன்னாலிருந்து பார்த்தால் ஓஓ இன்ஜின் கால்களை இடுக்கிக்கொண்டு நிற்பது இதனால்தான். இது அந்த விகிதத்தின் பிறவிக்குறை. ஒரு குறிப்பிட்ட மாடலின் குறையாக இதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நம் அகலப்பாதை இன்ஜின்களைச் செய்கிறவர்களுக்கு இது இன்னும் கடுமை. 1,676 மி.மீ. பாதை எச்ஓவில் 19.24 மி.மீ. ஆக வேண்டும். எஃகு ஆலைகளிலும் அனல்மின் நிலையங்களிலும் ஷண்டிங் பார்க்கும் டபிள்யூடிஎஸ்-6 இன்ஜினை 16.5 தண்டவாளத்தில் நிறுத்தினால், அசல் கணக்கில் ஏறக்குறைய 24 செ.மீ. காணாமல் போகிறது. கேபினும் ஹூட்டும் சரியான அகலத்தில் இருக்க, சக்கரம் மட்டும் உள்ளே ஒடுங்கும்.

இனி நீளம், அகலம், உயரம், சக்கர இடைவெளி ஆகியவற்றைக் காலிப்பரில் எடுத்து, விகிதத்தால் பெருக்கி, அசலோடு ஒப்பிடுங்கள். நீளத்தில் அரை மி.மீ. பிசகு யார் கண்ணிலும் படாது, விட்டுவிடலாம். சக்கரத்தின் விட்டத்தைக் கடைசியில் பாருங்கள். 44 டன்னின் சக்கரம் புதிதாக இருந்தபோது 33 அங்குலம், எச்ஓவில் 9.6 மி.மீ. ஓடி ஓடித் தேய்ந்து, கடைசல் பிடித்துப் பிடித்து, அசல் சக்கரமே சிறுத்துப்போகும். புகைப்படத்திலிருந்து அளவு கணக்கிடுகிறவர்கள் சக்கரத்தை அடிக்கோலாக வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் இதனால்தான். போகியின் இரண்டு அச்சு மையங்களுக்கு இடையேயான தூரம் தேயாது, அதை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: நிற்கும் உயரம்

அளவெல்லாம் சரியாக இருந்தும் ஒரு மாடல் பொம்மை போலத் தெரிந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது உயரத்தை. கூர்மையான வளைவில் போகி திரும்ப இடம் விடுவதற்காக உடலைச் சற்றுத் தூக்கி வைப்பார்கள். எச்ஓவில் பரவலான 18 அங்குல வளைவு, அசலில் சுமார் 40 மீட்டர் ஆரம். மெயின்லைன் இன்ஜின் அதில் திரும்பவே திரும்பாது, ஆகவே அதன் மாடலுக்கு அந்தச் சமரசம் தேவை. ஆலை இன்ஜின்களோ கிடங்குக்கும் கிடங்குக்கும் நடுவே நெளிந்துபோகவே கட்டப்பட்டவை. அவற்றின் மாடலைத் தூக்கி வைத்ததற்கு வளைவைக் காரணம் காட்டினால் நான் எளிதில் ஏற்க மாட்டேன்.

பார்ப்பதற்கு ஒரு சுலப வழி: கப்ளரின் மைய உயரம். அமெரிக்காவில் 1935இல் தொடங்கிய என்எம்ஆர்ஏ சங்கத்தின் எச்ஓ தரப்படி அது 25/64 அங்குலம், அதாவது 9.9 மி.மீ. அசலில் 34 அங்குலம். அங்கே அனுமதி 31½ முதல் 34½ வரை. கப்ளர் இந்த உயரத்தில் இருந்து, அதைத் தாங்கும் சட்டத்தின் அடி விளிம்பு மட்டும் படத்தில் இருப்பதைவிட மேலே இருந்தால், உடல் தூக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

சக்கரத்தின் விளிம்பையும் பாருங்கள். என்எம்ஆர்ஏவின் ஆர்பி-25 என்ற சக்கர வரையறையில், கோடு (code) 110 வகைச் சக்கரம் 2.8 மி.மீ. அகலம், அசல் கணக்கில் 24 செ.மீ. தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்ளும் ஃபிளான்ஜ் 0.64 மி.மீ. ஆழம், அதாவது அசலில் 55 மி.மீ. உண்மையான ஃபிளான்ஜ் அதில் பாதிகூட இல்லை. கோடு 88 சக்கரம் இன்னும் மெலிது. பெரிய போகிச் சட்டம் சக்கரத்தை மறைக்கும் இன்ஜினில் இது உறுத்தாது. நான்கு சக்கரமும் வெளியே தெரியும் குட்டி ஷண்டரில் நன்றாகவே உறுத்தும்.

படி 5: முகம்

நேரம் அதிகம் செலவிட வேண்டிய இடம் இது. மாடலின் ஆயிரம் ரிவெட்டும் சரியாக இருந்து கேபின் ஜன்னல் பிசகியிருந்தால், அது வேறு யாரோ ஓர் இன்ஜின்.

பார்க்கும் வரிசை எனக்கு இப்படி. கேபின் கூரையின் வளைவு முதலில்; ஓரத்தில் எவ்வளவு சரிகிறது, நடுவில் எவ்வளவு தட்டை. அடுத்து ஹூட்டின் மேல்தளம் ஜன்னலின் கீழ்விளிம்புக்கு எவ்வளவு கீழே முடிகிறது. 44 டன்னில் டிரைவருக்கு இருபுறமும் பார்வை கிடைக்க வேண்டும் என்பதே வடிவமைப்பின் நோக்கம். ஹூட்டுக்குள் மோட்டாரையும் கியரையும் அடக்க முடியாமல் அதை ஒரு மி.மீ. உயர்த்தினாலும் ஜன்னல் சுருங்கி, இன்ஜின் கழுத்தில்லாததாகிவிடும். பிறகு ஜன்னல் மூலைகளின் வளைவு. மூலை கூராக இருக்கிறதா, உருண்டிருக்கிறதா என்பது 0.3 மி.மீ. சமாச்சாரம், ஆனால் கண் முதலில் போவது அங்கேதான். கடைசியாக ஹூட்டின் முனை: கிரில் எவ்வளவு உயரம், விளக்கு அதன் மேலா, நடுவிலா.

ஜன்னலின் வழியே எதிர்ப்பக்கம் வெளிச்சம் தெரிகிறதா என்றும் பாருங்கள். நாலு பக்கமும் கண்ணாடி உள்ள நடுக்கேபின் இன்ஜினில் இது முக்கியம். ஒலிபெருக்கியும் சர்க்யூட் போர்டும் வைக்க வேறு இடமில்லாமல் கேபினை நிரப்பியிருந்தால், இருண்ட பெட்டியாகத் தெரியும். கண்ணாடி தடிமனாகவும் உள்ளே பதிந்தும் இருந்தால் சுவர் ஒரு சாண் கனமாகத் தோன்றும்.

ஒப்பிட ஒரு வழி சொல்கிறேன். மாடலை நேர் பக்கவாட்டில், அதன் கண்மட்டத்தில் கேமராவை வைத்து, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து படம் எடுங்கள். கிட்ட போய் எடுத்தால் நடுப்பகுதி பெருத்து, ஓரங்கள் ஓடிவிடும். இல்லாத குறையெல்லாம் தெரியும். எடுத்த படத்தை அச்சு மையங்கள் பொருந்தும்படி அளவு மாற்றி, வரைபடத்தின்மேல் பாதி தெரிய வைத்துப் பாருங்கள். எந்தக் கோடு விலகுகிறது என்று ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

படி 6: கீழே சக்தி போகும் வழி

ரஸ்டன் 48டிஎஸ், பெயரே சொல்வதுபோல 48 குதிரைசக்தி. எடை ஏழரை டன் அளவுதான். அதன் சக்கரங்களுக்குச் சக்தி போவது சங்கிலியால். வெளியே ராடு கிடையாது. ரஸ்டனின் 88டிஎஸ்ஸும் அப்படியே. ஆகவே இவற்றின் மாடலில் சக்கரங்களை இணைக்கும் ராடு ஆடிக்கொண்டிருந்தால் வேறெதையும் பார்க்க வேண்டாம். மாறாக, ஷெஃபீல்டில் யார்க்ஷயர் எஞ்சின் கம்பெனி செய்த ஜானஸ், 44 டன் போலவே இருபக்க ஹூட்டும் நடுக்கேபினும் கொண்டது. ஆனால் போகி இல்லை, ராடால் இணைத்த ஆறு சக்கரம்.

மலிவுப் பெட்டிகளில் இந்தக் கோளாறு மிகுதி. ஒரே அடிச்சட்டத்தைச் செய்து வைத்துக்கொண்டு, அதன்மேல் நீராவி உடலையும் மாட்டுவார்கள், டீசல் உடலையும் மாட்டுவார்கள். சக்கர இடைவெளியை அளந்தால் போதும், கதை தெரிந்துவிடும். அசலில் வேறுபட்ட இடைவெளி கொண்ட இரண்டு இன்ஜின்களின் மாடலில் அது ஒன்றேபோல் இருந்தால் குறைந்தது ஒன்று தவறு.

படி 7: சில்லறைச் சாமான்கள்

கைப்பிடிக் கம்பியை முதலில் பாருங்கள். அசலில் ஒன்றேகால் அங்குலக் குழாய் என்றால் எச்ஓவில் 0.36 மி.மீ. உடலோடு சேர்த்து வார்த்த பிளாஸ்டிக் கம்பி அதில் இரண்டு மடங்கு தடிக்கும். தனியாகச் செருகிய உலோகக் கம்பிக்கு மதிப்பெண் கொடுக்கலாம். கிரில் வலையாக இருக்கிறதா, கோடு கீறியதா. உடலின் நடுவே அச்சுக் கோடு ஓடுகிறதா. கப்ளர் தலை பெரிதா (கேடீ கம்பெனியின் பழைய 5ஆம் நம்பர் கப்ளர் அசலைவிடப் பெரிது, 58ஆம் நம்பர் கிட்டத்தட்ட சரி) என்பவையெல்லாம் ஐந்து நிமிட வேலை.

ஆண்டைக் காட்டிக்கொடுக்கும் சாமான்களுக்கு மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். அமெரிக்க ஷண்டர்களின் முன்னும் பின்னும் ஆட்கள் நின்று போகும் ஃபுட்போர்டு இருந்தது. விபத்துகள் காரணமாக 1970களின் இறுதியில் பொது ரயில்வேக்களில் அதை எடுக்கச் செய்தார்கள். அதன்பிறகு வந்த பெயிண்ட்டும் ஃபுட்போர்டும் ஒரே மாடலில் சேர்ந்திருந்தால், இரண்டு காலங்களை ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

படி 8: வண்ணம்

இதில் கறாராக இருக்க வேண்டாம் என்பது என் கட்சி. ஆலையின் பெயிண்ட் கிடங்கில் இருந்ததைப் பூசினார்கள். வெயிலில் வெளுத்தது, எண்ணெயில் கறுத்தது. பழைய கலர்ப்படமே நிறம் மாறியிருக்கும். எழுத்தின் உருவத்துக்கும் அது இருக்கும் இடத்துக்கும் மட்டும் கறாராக இருங்கள். வொர்க்ஸ் பிளேட் சரியான பக்கத்தில் இருக்கிறதா, படிக்கவும் முடிகிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள்.

படி 9: ஓடுவதற்காக விட்டுக்கொடுத்தவை

48டிஎஸ் போன்ற நாலு சக்கரக் குட்டி இன்ஜின் தண்டவாளத்தில் தூசு பட்டாலே மின்சாரம் அறுந்து நின்றுவிடும். ஹார்ன்பி கம்பெனி தன் ஓஓ மாடலோடு ஒரு சின்ன வேகனையும் சேர்த்துக் கொடுத்தது. அதன் சக்கரங்களும் மின்சாரம் எடுத்து இன்ஜினுக்கு அனுப்பும். சிலர் இதைக் கேலி செய்தார்கள். எனக்கு இது நேர்மையான வழியாகவே படுகிறது: இன்ஜினை உப்பவைத்து உருவத்தைக் கெடுக்காமல், தேவையானதைத் தள்ளி வைத்துவிட்டார்கள். குறைகளைப் பட்டியலிடும்போது ஓட்டத்துக்காக விட்டுக்கொடுத்தது எது, கவனமின்மையால் வந்தது எது என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுங்கள். உயர்ந்த ஹூட் முதல் பத்தியில் வரலாம். தவறான பக்கத்தில் இருக்கும் கதவு ஒருபோதும் வராது.

படி 10: வாங்குவதா, திருத்துவதா

கப்ளர், கைப்பிடி, நம்பர், பெயிண்ட் ஆகியவற்றை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மாற்றிவிடலாம். உயரத்தைச் சில மாடல்களில் போகியின் தாங்கியைத் தேய்த்துக் குறைக்கலாம். தேய்ப்பதற்கு முன் சக்கரம் உடலில் உரசுமா என்று காகிதத் துண்டை இடையில் விட்டுப் பாருங்கள். கூரை வளைவும் ஜன்னலும் பிசகியிருந்தால் திருத்த முயல வேண்டாம், பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. மெயின்லைன்காரர்களுக்கு இது அவ்வளவு எளிதில் கிடைக்காது. மாடலை இன்ஜினுக்கு ஏற்றபடி மாற்றுவதற்குப் பதில், அந்த ஹூட்டும் அந்தக் கிரில்லும் அப்படியே இருந்த வேறோர் இன்ஜினைத் தேடுவது. ஆலை இன்ஜின்கள் இத்தனை விதமாக இருந்ததால், பெட்டியில் அச்சடித்த பெயருக்குப் பொருந்தாத மாடல் எங்கோ ஒரு மர ஆலையின் இன்ஜினுக்கு ஏறக்குறைய முழுதாகவே பொருந்திப்போகலாம். பட்டியல்களில் தேடிப் பிடித்துவிட்டால் வேலை நம்பர் மாற்றுவதோடு முடியும். முடிந்ததும் அந்த வொர்க்ஸ் நம்பர், ஆண்டு, ஒப்பிட்ட படங்கள், தெரிந்தே விட்ட குறைகள் ஆகியவற்றை ஒரு துண்டுத் தாளில் எழுதி, பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வையுங்கள்.